இந்த வழியாத்தான்

சென்னையிலிருந்து மதுரைக்குப் போக இரண்டு வழிகள். ரயிலில் போனால் அரியலூர் வரும். பஸ்ஸிலோ காரிலோ போனால் பெரம்பலூர் வரும். பன்னிரண்டு வருடமாகச் சென்னையில் மென்பொருள் வேலை பார்க்கிறேன். பெற்றோர் மதுரையில். தீபாவளி, பொங்கல், கல்யாணம், காதுகுத்து, அம்மாவின் கண் ஆபரேஷன் என்று வருடத்துக்கு ஆறேழு தடவை போய் வருகிறேன். போக ஒன்று, வர ஒன்று என்று கணக்குப் போட்டால் இந்த இரண்டு ஊர்களில் ஏதோ ஒன்றை நூற்றைம்பது முறையாவது கடந்திருப்பேன். அரியலூரைத் தூக்கத்தில். பெரம்பலூரை நெடுஞ்சாலை ஓட்டலில் காபி குடித்தபடி.

இதில் விசேஷம் ஒன்றுமில்லை. எல்லோருக்கும் வழியில் சில ஊர்கள் இருக்கும். என் விஷயத்தில் சிக்கல் என்னவென்றால், இரண்டு ஊரிலும் எனக்கு நண்பர்கள் இருக்கிறார்கள்.

கோவையில் ஒரு பொறியியல் கல்லூரி விடுதியில் நாங்கள் மூன்று பேரும் நான்கு வருடம் ஒரே அறை. விடுதியில் ஊர்ப்பெயர்தான் ஆள்பெயர். நான் மதுரை. ஒருவன் பெரம்பலூர், இன்னொருவன் அரியலூர். நாங்கள் சேர்ந்த 2007 ஆகஸ்டில் அவர்கள் இருவருக்கும் ஒரே மாவட்டம். அந்த வருடம் நவம்பர் 23 அன்று அரியலூர் தனி மாவட்டமானது. ஏற்கெனவே 2001இல் ஒருமுறை பிரித்து, 2002இல் மறுபடி சேர்த்து வைத்திருந்தார்கள். "இந்தத் தடவையாவது நிக்குமாடா?" என்று அறையே கேட்டது. அரியலூர்க்காரன் மெஸ்ஸில் எல்லோருக்கும் ஆம்லெட் வாங்கித் தந்தான். "சொத்தைப் பிரிச்சுக்கிட்டுப் போறவன் கையால திங்க மாட்டேன்" என்று பெரம்பலூர்க்காரன் கொஞ்ச நேரம் முறுக்கிக்கொண்டிருந்துவிட்டு இரண்டு ஆம்லெட்டாகத் தின்றான்.

நான்கு வருடம் அந்த இரண்டு ஊர்ப்பெயர்களையும் நாளுக்கு நூறு தடவை கூப்பிட்டிருக்கிறேன். இரண்டையும் ஒருநாளும் இறங்கிப் பார்த்ததில்லை.

*

போவதென்று முடிவெடுத்தது எந்த உயர்ந்த காரணத்துக்காகவும் இல்லை. ஒரு ராத்திரி தூக்கம் வராமல் போனை உருட்டிக்கொண்டிருந்தபோது ஒரு ரீல் வந்தது. தமிழ்நாட்டில் யாருக்கும் தெரியாத இடங்கள் என்ற தலைப்பு. அதில் சாத்தனூர் கல்மரமும் காரைப் பக்கத்துக் களிமண் மேடுகளும் இருந்தன. "யாருக்கும்" என்பதில் அந்த ஊர்க்காரர்கள் சேர்த்தியில்லை என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை. கூட்டமில்லாத, டிக்கெட் இல்லாத, செல்ஃபி ஸ்டிக் இல்லாத ஒரு வாரக்கடைசி. நண்பர்களையும் பார்த்த மாதிரி ஆச்சு.

நான் இன்ஜினியர். எக்செல் ஷீட் போட்டேன். சனிக்கிழமை: வாரணவாசி புதைபடிவ அருங்காட்சியகம், கரைவெட்டி பறவைகள் சரணாலயம். ஞாயிறு: சாத்தனூர், ரஞ்சன்குடி கோட்டை, சிறுவாச்சூர் மதுரகாளியம்மன். கங்கைகொண்ட சோழபுரத்தை வேண்டுமென்றே விட்டேன். அதற்குத்தான் எல்லோரும் போகிறார்களே. ஷீட்டை எங்கள் வாட்ஸப் குழுவில் அனுப்பினேன். அரியலூர்க்காரன் பதில் போட்டான்: "சூப்பர் மச்சி. இதுல எங்க வீடு எத்தனாவது வரில இருக்கு?"

பெரம்பலூர்க்காரன் கட்டைவிரல் மட்டும் போட்டான். அவன் வீட்டுக்கு ஞாயிறு சாயங்காலம் என்று நானாகவே கடைசியில் தள்ளி வைத்திருந்தேன். அதற்கு ஒரு காரணம் இருந்தது.

தமிழில் ஊரையும் பார்க்கிறோம், ஆளையும் பார்க்கிறோம். சொல் ஒன்றுதான். ஆனால் "ஒரு எட்டு போய்ப் பார்த்துட்டு வந்துரு" என்று அம்மா சொல்லும்போது அது வேறு பார்வை. அங்கே பார்க்கப் போகிறவனும் பார்க்கப்படுகிறான். ஏன் இளைத்துவிட்டாய், ஏன் இத்தனை நாள் வரவில்லை என்று கேட்க அங்கே ஆள் இருக்கிறது. தாஜ்மகால் அப்படிக் கேட்பதில்லை. சுற்றுலாவின் பெரிய சுகமே அதுதான்: நம்மைக் கேள்வி கேட்காத ஊரில் இரண்டு நாள் இருப்பது.

நண்பர்களோடு, பெயர்போன இடங்களைத் தவிர்த்துவிட்டு, ஊரை உள்ளிருந்து பார்ப்பது சாதாரணச் சுற்றுலாவைவிட மேலானது என்று நம்பியிருந்தேன். அது மேலானதுதானா? அல்லது அதே கேள்வியற்ற சுகத்தை நண்பனின் வீட்டுத் திண்ணைவரை நீட்டிக்கொள்வதா?

*

பொங்கல் கழிந்த இரண்டாவது வாரம், விடிவதற்கு முன் அரியலூரில் இறங்கினேன். அந்தப் பெயர்ப்பலகையை விழித்த கண்ணோடு பார்த்தது அதுவே முதல்முறை. நண்பன் பைக்கோடு நின்றிருந்தான். தார்ப்பாய் மூடிய லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தன. "பொத்திப் புடிச்சுக்க, இந்த ரோட்டுல நாங்க லாரிக்கு ஒதுங்கித்தான் பழக்கம்" என்றான்.

அரியலூரைச் சுற்றிச் சிமெண்ட் ஆலைகள். அரசின் சிமெண்ட் ஆலை இங்கே 1979இல் தொடங்கியது. தனியார் ஆலைகள் நாலா பக்கமும். காரணம் மண்ணுக்கடியில் இருக்கும் சுண்ணாம்புக்கல். அதற்குக் காரணம் கடல். கிரெட்டேசியஸ் காலத்தில், பத்துக் கோடி வருடங்களுக்கு முன்னும் பின்னுமாக, இந்தச் சோளக்காடும் முந்திரித்தோப்பும் கடலுக்கடியில் இருந்தன. சிப்பிகளும் நத்தைகளும் அம்மோனைட்டுகளும் செத்துச் செத்து அடியில் படிந்தன. 1860களில் நிலவியலாளர் பிளான்ஃபோர்ட் இந்தப் பாறைகளை வரைபடமாக்கி ஊட்டத்தூர், திருச்சி, அரியலூர் என்று மூன்று தொகுதிகளாகப் பிரித்தார். மொராவியாவில் பிறந்த ஸ்டோலிச்கா, கல்கத்தாவில் இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் இருந்தபடி, இங்கே சேகரித்த உயிர்ப்படிமங்களைப் பல தொகுதிகளாக விவரித்து எழுதினார். கிரெட்டேசியஸ் கடலை ஆராய்கிறவர்களுக்கு உலகில் எங்கிருந்தாலும் அரியலூர் தெரிந்த பெயர். நூற்றைம்பது வருடமாக அவர்களுக்குத் தெரிந்த ஊர்தான் ரீலில் யாருக்கும் தெரியாத இடமாகியிருந்தது.

நண்பன் ஒரு சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் கல் உடைக்கும் இயந்திரத்தின் பராமரிப்பைப் பார்க்கிறான். அவனுடைய எட்டு வயது மகள் ஒரு பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்து என் முன்னால் கவிழ்த்தாள். சிப்பிகள், நத்தைச் சுருள்கள், உடைந்த ஓர் அம்மோனைட். ஒவ்வொன்றையும் சிறு நெகிழிப்பையில் போட்டு உள்ளே ஒரு துண்டுச்சீட்டு வைத்திருந்தாள்.

அம்மோனைட் என் கையில் கச்சிதமாக உட்கார்ந்தது. மானிட்டருக்குப் பக்கத்தில் வைத்தால் எப்படி இருக்கும் என்று உடனே மனதில் ஓடியது. என் பார்வையைப் பார்த்துவிட்டு நண்பன், "எடுத்துக்கடா. ஒரு நாளைக்கு இந்த மாதிரி எத்தனை கிரஷருக்குள்ள போகுதுன்னு எண்ணவா முடியும்?" என்றான். உண்மைதான். சென்னையில் நான் இருக்கும் அபார்ட்மெண்ட்டின் தூண்களில் இந்தக் கடலில் ஒரு துளியாவது இருக்கும். கங்கைகொண்ட சோழபுரத்தின் மதில் கற்களை எடுத்துத்தான் 1836இல் கொள்ளிடத்தில் கீழணை கட்டினார்கள். அந்தத் தண்ணீரில் எத்தனையோ வயல்கள் விளைந்தன. கல்லை எடுப்பது இந்த ஊருக்குப் புதிதில்லை. இப்படி வாதம்மேல் வாதமாக அடுக்கிக்கொண்டேன். ஒரு சின்னக் கல்லை எடுக்க இத்தனை வாதம் தேவைப்பட்டபோதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

மகள் கையை நீட்டினாள். "சீட்டோட எடுத்துக்குங்க மாமா. சீட்டு இல்லன்னா அது வெறும் கல்லு." சீட்டில் எந்த ஊர், எந்த ஓடைக்கரை, எந்தத் தேதி என்று பென்சிலில் எழுதியிருந்தது. அப்பா சொல்லிக்கொடுத்தாராம். எந்த அடுக்கில், எதன் பக்கத்தில் கிடந்தது என்று தெரிந்தால்தான் ஒரு படிமம் ஏதாவது சொல்லும். 2020 இறுதியில் பெரம்பலூர் மாவட்டம் குன்னம் பகுதியில் டைனோசர் முட்டை கிடைத்ததாகச் செய்தி பரவியது. பார்த்த நிலவியலாளர்கள் முட்டையில்லை, அம்மோனைட்டுகளைச் சூழ்ந்து கல் இறுகி உருண்டையானவை என்றார்கள். இடத்தையும் அடுக்கையும் பார்க்கிறவருக்கு அது கடல். வெறும் உருண்டையைப் பார்க்கிறவருக்கு அது முட்டை.

அம்மோனைட்டைச் சீட்டோடு டின்னிலேயே வைத்துவிட்டேன். பெருந்தன்மை ஒன்றும் இல்லை. மானிட்டர் பக்கத்தில் வைக்கும்போது அந்தச் சீட்டைத் தூக்கிப் போட்டிருப்பேன் என்பது எனக்கே தெரிந்தது.

*

மத்தியானம் சாப்பாடு. மட்டன் குழம்பு, முட்டை, ரசம், பாயசம். நண்பனின் மனைவி பள்ளிக்கூட டீச்சர். "எதுக்கும்மா இவ்வளவு?" என்றேன், எல்லா விருந்தாளிகளும் சொல்வதைப்போல. அவர் சிரித்துக்கொண்டே, "நீங்க வர்றீங்கன்னா எனக்குச் சனிக்கிழமை கிடையாதுங்கண்ணா" என்றார். குத்தலாகச் சொல்லவில்லை. ஒரு தகவலாகச் சொன்னார். ஆனால் சாதம் தொண்டையில் கொஞ்சம் நின்றது.

ஓட்டலில் தங்கியிருந்தால் அவருடைய சனிக்கிழமை அவருக்கு இருந்திருக்கும். விருந்தாளியைவிடச் சுற்றுலாப் பயணி நல்லவன் என்று சொல்ல இந்த ஒரு காரணம் போதும். காசு கொடுக்கிறான், போகிறான், யாருடைய தூக்கத்தையும் கெடுப்பதில்லை. திருக்குறளில் விருந்தோம்பல் ஒன்பதாவது அதிகாரம். பத்துக் குறளும் வீட்டுக்காரரைப் பார்த்தே பேசுகின்றன. வந்தவனை எப்படி வரவேற்பது, எப்படி முகம் கோணாமல் இருப்பது என்று. வந்தவன் என்ன செய்ய வேண்டும் என்று அதில் இல்லை. விருந்தாளிக்கென்று ஒரு தனி அதிகாரமும் இல்லை. அதனால்தானோ என்னவோ நமக்கு விருந்து வைக்கத் தெரிந்த அளவுக்கு விருந்துக்குப் போகத் தெரியவில்லை.

ஜெர்மன் தத்துவவாதி கான்ட் 1795இல் நிரந்தர அமைதி பற்றி எழுதிய சிறு நூலில் இந்த இடத்தைத் தொடுகிறார். பிறந்த ஊரைவிட்டு அதிக தூரம் போகாமலே வாழ்ந்து முடித்தவர் பயணிகளின் உரிமை பற்றி எழுதியதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. பூமி உருண்டை, மனிதர்கள் முடிவில்லாமல் விலகிப் போய்க்கொண்டே இருக்க முடியாது, அதனால் எவருக்கும் எங்கும் போய்வரும் உரிமை உண்டு என்கிறார். கூடவே ஒரு கோடு கிழிக்கிறார். போய்வரும் உரிமை வேறு, விருந்தாளியாக இருக்கும் உரிமை வேறு. முதலாவது எல்லோருக்கும் உண்டு. இரண்டாவதற்குத் தனியாக ஓர் ஒப்பந்தம் வேண்டும்.

எனக்கு இந்தக் கோடு உதவியது. ரஞ்சன்குடி கோட்டைக்கும் கரைவெட்டிக்கும் போக எனக்கு யாருடைய தயவும் வேண்டாம். ஆனால் இந்தச் சாப்பாட்டில் உட்கார எனக்கு எந்த உரிமையும் இல்லை. ஒப்பந்தம் எப்போதோ விடுதியில் போடப்பட்டது. அதில் என் பங்கை நான் செலுத்தியிருக்கிறேனா என்பதுதான் கேள்வி.

தட்டைக் கழுவப் போனேன். "வைங்கண்ணா" என்றார். இரண்டாம் முறை சொல்லவில்லை. கழுவினேன்.

*

சாயங்காலம் கரைவெட்டிக்குக் கிளம்பும்போது, மருதையாற்று ரயில்பாலத்தை முதலில் பார்க்க வேண்டும் என்றேன். "உன் ஷீட்டுல அது இல்லையே" என்றான்.

1956 நவம்பர் 23 விடியற்காலை. மழை வெள்ளத்தில் இந்தப் பாலம் உடைந்து சென்னை – தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் ஆற்றில் விழுந்தது. 140க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பதவி விலகினார். சில மாதங்களுக்கு முன் மஹபூப்நகர் விபத்தின்போதே ராஜினாமா கொடுத்திருந்தார்; நேரு ஏற்கவில்லை. அரியலூருக்குப் பிறகு ஏற்றுக்கொண்டார். அரசியல் நேர்மை என்று யார் பேச ஆரம்பித்தாலும் இந்தக் கதை வந்துவிடும். பள்ளிக்கூடப் பேச்சுப்போட்டியில் நானே பேசியிருக்கிறேன்.

பாலத்துக்குப் பக்கத்தில் பைக்கை நிறுத்தினோம். எல்லாப் பாலங்களையும் போல இருந்தது. நண்பன் சொன்னான்: "இந்தியா முழுக்க எங்க ஊர் பேரு தெரியறது இதனாலதான். சாஸ்திரி எவ்வளவு நல்லவருங்கறதுக்கு உதாரணமா. செத்தவங்க பேரு ஒண்ணுகூட யாருக்கும் தெரியாது."

எனக்கும் தெரியாது. ஒரு நீதிக்காக மட்டும் ஓர் ஊரின் பெயரை வைத்துக்கொள்வதும் ஒருவகைச் சுற்றுலாதான் என்று பட்டது. போனோம், பாடத்தை எடுத்துக்கொண்டோம், வந்துவிட்டோம். மதுரைக்குப் போன ஒவ்வொரு ராத்திரியும் அந்தப் பாலத்தைத் தூக்கத்தில் கடந்திருக்கிறேன்.

ஆனாலும் அந்தப் பாடம் பொய்யில்லை. சாஸ்திரி பாலம் கட்டவில்லை, ரயில் ஓட்டவில்லை, மழையைப் பெய்விக்கவில்லை. "நான் செய்யவில்லை" என்பதும் "எனக்குப் பொறுப்பில்லை" என்பதும் ஒன்றில்லை என்பதைத்தான் அவர் தன் பதவியை வைத்துச் சொன்னார். இந்த வித்தியாசம் எனக்கு மறுநாள் தேவைப்பட்டது.

கரைவெட்டியில் இருட்டும் வரை இருந்தோம். பட்டைத்தலை வாத்துகள் இமயமலையைத் தாண்டி வருகிற ஏரி. 2024 ஜனவரியில் ராம்சர் பட்டியலில் சேர்த்தார்கள். ஏரியை வெட்டியது பறவைகளுக்காக இல்லை, பாசனத்துக்காக. தண்ணீர் இருந்தால் வருகின்றன, வற்றினால் போகின்றன, அடுத்த வருடமும் வருகின்றன. மறுபடி வரும் என்று தெரிந்திருப்பதால்தான் ஊர்க்காரர்கள் அவற்றுக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள்.

*

ஞாயிறு காலை சாத்தனூர். பெரம்பலூர்க்காரன் அங்கேயே வந்துவிட்டான். எட்டு வருடம் கழித்து நேரில் பார்க்கிறோம். இருவருக்கும் தொப்பை. அவன் தலையில் நரை. கட்டிப்பிடிப்பதா கைகொடுப்பதா என்று ஒரு நொடி தடுமாறி, இரண்டையும் அரைகுறையாகச் செய்தோம்.

வேலிக்குள் கல்மரம் படுத்திருந்தது. 18 மீட்டருக்கு மேல் நீளம். வயது சுமார் 12 கோடி வருடம். 1940இல் இந்திய நிலவியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த எம்.எஸ். கிருஷ்ணன் இதை உலகுக்கு அறிவித்தார். கடலோரத்தில் விழுந்து, மண் மூடி, நீரில் கரைந்த சிலிக்கா நாருக்குள் நாராகப் புகுந்து, மரம் இருந்த இடத்தையெல்லாம் கல் பிடித்துக்கொண்டது. பார்க்க மரம். தட்டினால் கல்.

"மரத்துல இருந்தது கொஞ்சங்கூட இப்ப இல்ல. ஆனா மரம் மாதிரியேதான் இருக்கு, இல்ல?" என்றான் பெரம்பலூர்க்காரன். மரத்தைப் பற்றித்தான் சொன்னான். நான் எங்கள் வாட்ஸப் குழுவை நினைத்துக்கொண்டேன். பிறந்தநாள் வாழ்த்து, கேக் படம், பழைய ஜோக், கட்டைவிரல். நட்பின் உருவம் அப்படியே இருந்தது. உள்ளே எப்போது கல்லானது என்று யாரும் கவனிக்கவில்லை.

அடுத்து சிறுவாச்சூர் என்றேன். இருவரும் சிரித்தார்கள். "அம்மன் திங்களும் வெள்ளியும்தான்டா. நீ லீவு போட்டுட்டு வா." விசேஷ நாட்கள் தவிர அந்தக் கோயில் வாரத்தில் அந்த இரண்டு நாள்தான் திறந்திருக்கும். நான் அதைப் பார்க்கவே இல்லை. சனி ஞாயிறு என்பது என் ஆபீஸின் ஏற்பாடு. எல்லா ஊரும் அதற்கேற்பத் திறந்திருக்கும் என்று எடுத்துக்கொண்டிருக்கிறேன். ரஞ்சன்குடியையும் விட்டுவிட்டோம். "கோட்டை எங்கயும் போகாது. அம்மா காத்துக்கிட்டு இருக்கு" என்றான்.

*

இப்போது அந்தக் காரணம்.

இரண்டாம் வருடம் எனக்கு மஞ்சள்காமாலை. கோவையில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். மதுரையிலிருந்து என் வீட்டார் வந்து சேர ஒரு நாளுக்கு மேல் ஆனது. மகனைப் பார்க்க அன்று தற்செயலாக விடுதிக்கு வந்திருந்தார் பெரம்பலூர்க்காரனின் அப்பா. ஒரு மூட்டை சின்ன வெங்காயத்தை மெஸ்ஸில் இறக்கிவிட்டு நேராக ஆஸ்பத்திரிக்கு வந்தார். ராத்திரி முழுக்க ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். நான் வாந்தியெடுத்தபோது பாத்திரத்தைப் பிடித்தார். என் அப்பா வந்ததும், "பையனுக்கு ஒண்ணுமில்லீங்க" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறிப் போய்விட்டார். அவ்வளவுதான். அதன்பிறகு அவரை நான் ஒரே ஒரு முறை, பட்டமளிப்பு விழாவில் பார்த்தேன்.

2021 மே மாதம் கொரோனாவில் இறந்துபோனார். முழு ஊரடங்கு. நான் ஒரு குரல் பதிவு அனுப்பினேன். போக முடியாதுதான், அதில் பொய்யில்லை. ஆனால் ஜூலையில் ஊரடங்கு தளர்ந்தது. ஆகஸ்டில் மதுரை போனேன், பெரம்பலூர் வழியாக. இந்தத் தடவை அவசரம், அடுத்த தடவை இறங்கலாம். தீபாவளிக்குப் போனேன். நல்ல நாளில் துக்கம் கேட்கப் போகலாமா? பொங்கலுக்குப் போனேன். இவ்வளவு நாள் கழித்து என்னவென்று போய் நிற்பது?

எங்கள் தொழிலில் டெக்னிக்கல் டெட் என்று ஒரு சொல் உண்டு. வார்ட் கன்னிங்ஹாம் 1992இல் சொன்ன உவமை. அவசரத்துக்கு அரைகுறையாக எழுதிய நிரல் ஒரு கடன். உடனே திருத்தினால் அசலோடு போகும், விட்டால் வட்டி ஏறும். அது எழுதிய ஆளை ஒன்றும் செய்யாது. இந்தக் கடன் என்னைச் செய்தது. வட்டி ஏற ஏற அந்த ஊரைக் கடக்கும்போது நான் ஜன்னலின் மறுபக்கம் பார்க்க ஆரம்பித்தேன். காபி குடிக்கும் ஓட்டலைக்கூட மாற்றினேன். ஊரடங்கு என்னால் வந்ததல்ல. ஆனால் அதற்குப் பிறகான மூன்றரை வருடம் என்னுடையது.

வீடு ஊருக்கு வெளியே, காட்டுக்கு நடுவில். ஓரமாக வெங்காயப் பட்டறை. காற்று போகும்படி தரையைவிட்டு உயர்த்திக் கட்டி விதை வெங்காயத்தைக் கொட்டி வைத்திருந்தார்கள். பெரம்பலூர்ச் சின்ன வெங்காயம் விலை ஏறினால் சென்னையில் நாங்கள் புலம்புவோம், இறங்கினால் இங்கே இவர்கள். திருகல் நோய் வந்துவிட்டால் இரண்டு விலையும் இவர்களுக்கில்லை. அம்மா களத்தில் உட்கார்ந்து தாள் கிள்ளிக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய் நின்றேன். சொல்வதற்கு ரயிலில் தயார் செய்து வந்திருந்த வாக்கியம் ஒன்று இருந்தது. வரவில்லை.

அவர் நிமிர்ந்து பார்த்தார். "மஞ்சக்காமாலை தம்பிதான?"

"ஆமாம்மா."

"எங்க வேலை?"

"மெட்ராஸ்லம்மா."

"ஊரு மதுரைல்ல. எந்த வழியா போவ ஊருக்கு?"

குற்றம்சாட்டிக் கேட்கவில்லை. சென்னைக்காரப் பையன் மதுரைக்கு எப்படிப் போவான் என்று தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். ரயில்லம்மா என்று சொல்லியிருக்கலாம். பாதி உண்மைதான் அது.

"இந்த வழியாத்தாம்மா" என்றேன்.

அவர் கை கொஞ்சம் நின்றது. பிறகு, "சரி, உக்காரு" என்று சாக்கை விரித்துப் போட்டார். உட்கார்ந்து நானும் தாள் கிள்ளினேன். மெதுவாகத்தான் வந்தது. கண் எரிந்ததற்கு வெங்காயம் இருந்தது, வசதியாக. அவர் கணவரைப் பற்றித் தானாகவே பேச ஆரம்பித்தார். ஆஸ்பத்திரியில் படுக்கை கிடைக்காத கதையை, கடைசியாக முகத்தைப் பார்க்கவிடாத கதையை. எத்தனை பேரிடம் சொல்லியிருப்பாரோ, என்னிடமும் முதலிலிருந்து சொன்னார். இதைக் கேட்கத்தான் நான் மூன்றரை வருடமாகப் பயந்திருக்கிறேன். கேட்பதைத் தவிர நான் செய்ய வேண்டியது எதுவும் இருக்கவில்லை.

*

எல்லா நண்பர்களின் வீட்டிலும் இறங்கிக்கொண்டே போனால் யாரும் மதுரை போய்ச் சேர முடியாது. வழியில் இருக்கும் எல்லா ஊருக்கும் கடன்பட முடியாது, படவும் தேவையில்லை. கோட்டையைப் பார்த்துவிட்டுப் போகிறவன் கோட்டைக்கு எதுவும் பாக்கியில்லை. சுற்றுலாவில் தவறில்லை. தவறு, இரண்டையும் ஒரே ஷீட்டில் போட்டு, பாக்கியுள்ள வீட்டையும் பார்க்க வேண்டிய இடங்களில் ஒன்றாக்கிக்கொள்வதில் இருக்கிறது. நண்பனின் ஊரை நண்பனோடு பார்ப்பதால் மட்டும் பயணம் மேலானதாகிவிடாது. அங்கே உன்னைக் கேள்வி கேட்க உரிமையுள்ள ஒருவர் முன்னால் போய் நிற்கிறாயா என்பதுதான் கணக்கு. கேள்வி கேட்கிறவருக்கு அது கேள்வி என்றே தெரியாமல் இருக்கலாம்.

ராத்திரி ஒன்பது மணிக்கு நான்கு ரோட்டில் பஸ். கிளம்பும்போது வாசலில் தடுமாறினேன். துக்கம் கேட்கப் போன வீட்டில் போயிட்டு வரேன் என்று சொல்லக் கூடாது, பேசாமல் எழுந்து வந்துவிட வேண்டும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். நான் வந்தது துக்கத்துக்கா, விருந்துக்கா? ஐந்து கிலோ வெங்காயப் பையைக் கையில் வாங்கிக்கொண்டு ஒன்றும் சொல்லாமல் படி இறங்கினேன்.

பின்னாலிருந்து குரல் வந்தது. "ஏம்ப்பா, சொல்லிட்டுப் போ."

"போயிட்டு வரேம்மா."

"ம். வா."